மூன்று ரெஞ்சுகளின் பளபளப்பு

நாள் 1, மாலை 5.40
பழைய முகாம், கருவி அறை. காற்று சரி. ஈரம் மிக அதிகம்.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு வணக்கம். என் பெயர் இன்னாசிமுத்து. தூத்துக்குடியில் படகு பழுது பார்க்கும் பட்டறையில் நாற்பது வருடம் துருவோடு மல்லுக்கட்டியவன். இப்போது செவ்வாய்க் கிரகத்தில் அதே வேலை.

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது போன வருடம்தான். பெரிய முகாமில் ரேடியோ பார்க்கும் ஹமீதா கற்றுக்கொடுத்தாள். தினமும் எழுதினால்தான் கை பழகும் என்று இந்த நோட்டையும் அவளே கொடுத்து அனுப்பினாள். ஒரு வரிக்கு எனக்கு வெகுநேரம் ஆகிறது. ஆனால் எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது வேறு யாரோ எனக்குக் கதை சொல்வது போல இருக்கிறது. அது நல்ல சுகம்.

நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிரகத்தில் நாங்கள் நான்கு பேர். நான், என் மகள் பிலோமினாவின் கணவர் தமியான், ஹமீதா, கேப்டன் செண்பகம். ஊர் திரும்பும் கப்பலின் மேல் பாறை சரிந்து ஓர் எரிபொருள் தொட்டி நசுங்கிவிட்டது. அந்தத் தொட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாய்களை மறுபடி இணைக்க வேண்டும். மோட்டார் வைத்த கருவிகள் எல்லாம் இங்குள்ள மெல்லிய தூசியால் செத்துவிட்டன. மிச்சம் இருப்பது கையால் முறுக்கும் கருவிகள்தான். அவை இந்தப் பழைய முகாமில் கிடந்தன. இங்கே உப்புத் தண்ணீர்க் குழாய் வெடித்து, மாதக்கணக்கில் ஊறிக் கிடந்திருக்கின்றன.

தமியான் என்னைக் கூண்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். கூண்டு வண்டி என்றால் உள்ளே மூச்சுக்காற்று உள்ள வண்டி. சுத்தம் செய்த கருவிகளை ஆளில்லாத தட்டு வண்டி வந்து எடுத்துப் போகும். எல்லாம் முடிந்ததும் கூண்டு வண்டி எனக்காக வரும். அப்புறம் கப்பல். அப்புறம் பிலோமினா வீடு.

பெட்டிகளைத் திறந்தேன். உள்ளே ஸ்பேனர் இல்லை, செங்கல் இருந்தது என்று சொல்லலாம். அவ்வளவு சிவப்பு.

நாள் 3, மாலை 6.15
முடிந்தவை: சிறிய ஸ்பேனர்கள், சுத்தியல்கள், உளிகள்.

செய்யும் முறையை எழுதிவைக்கிறேன். எனக்குப் பிறகு யாராவது செய்ய வேண்டி வரலாம்.

முதலில் கம்பி பிரஷ். உதிர்கிற துருவெல்லாம் உதிரட்டும். தேய்க்கும்போது எண்ணெய் கூடாது, துருவும் எண்ணெயும் சேர்ந்து சேறாகிவிடும். அடுத்து எலுமிச்சை உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து அதில் ஊறப்போட வேண்டும். அரை நாளில் தண்ணீர் தேநீர் நிறமாகும். எடுத்துத் தேய்த்தால் கருப்புக் கருப்பாகக் கழன்று வரும். உடனே சோடா மாவுத் தண்ணீரில் ஒரு முக்கு. இல்லாவிட்டால் புளிப்பு உள்ளேயே தங்கிவிடும். பிறகு நல்ல தண்ணீர். பிறகு சூட்டு அலமாரி.

கழுவியதைக் காயவைக்காமல் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றால், கொட்டாவி முடிவதற்குள் மறுபடி சிவந்துவிடும். இந்த மண்ணில் இருக்கும் உப்பு தூத்துக்குடி உப்பைவிடப் பொல்லாதது.

சூடு ஆறுவதற்குள் எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். துடைத்தது கண்ணுக்குத் தெரியக்கூடாது. விரலால் தொட்டால் மட்டும் தெரிய வேண்டும். எண்ணெய் வழிந்தால் தூசி ஒட்டும், தூசியில் உப்பு இருக்கும், கதை முதலிலிருந்து தொடங்கும். கடைசியாக எண்ணெய்த் தாளில் சுற்றிக் கட்ட வேண்டும்.

இன்று ஓர் அரை அங்குல ஸ்பேனரைத் தேய்த்தபோது உள்ளிருந்து எழுத்து வந்தது. எண்ணும் எழுத்துமாக அச்சடித்திருந்தார்கள். நாற்பது வருடம் ஸ்பேனர் பிடித்திருக்கிறேன். அதன் மேல் எழுதியிருந்ததை இன்றுதான் படித்தேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நாள் 6, மதியம் 1.05
ரேடியோவில் வந்தது.

ஹமீதா: "அண்ணாச்சி, இன்னைக்கு எழுதுனியளா, இல்ல தூங்கிட்டியளா?"

நான்: "எழுதுனேன் தாயீ. ஒரு பக்கம்."

ஹமீதா: "ஒரு பக்கமா! என்னத்த எழுதுனிய?"

நான்: "துருவப் பத்தி."

ஹமீதா: "நான் ஒங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தது துருவப் பத்தி எழுதவா? பொண்டாட்டியப் பத்தி நாலு வரி எழுதப்படாதா?"

நான்: "அவளும் துரு மாதிரிதான். நாப்பது வருசம் விடவே இல்ல."

சிரித்தாள். பின்னால் கேப்டன் செண்பகமும் சிரித்தது கேட்டது. பிறகு தமியான் வந்தார்.

தமியான்: "மாமா, சாப்ட்டியளா? சோலி எம்புட்டு தூரத்துல இருக்கு?"

நான்: "பாதி முடிஞ்சிட்டு மாப்ள. பெரிய ரெஞ்செல்லாம் இனிமதான்."

தமியான்: "கொஞ்சம் வெரசாப் பாருங்க மாமா. கப்பல் நாள் தள்ளிப்போச்சுன்னா அடுத்த தோது ரெண்டு வருசம் கழிச்சுத்தான்."

இரண்டு வருடம் என்றதும் என் கை தானாகப் பிரஷை எடுத்தது. எனக்கு வயது அறுபத்தாறு. இங்கே இன்னும் இரண்டு வருடம் கிடந்தால் என் எலும்பு தாங்காது என்று கேப்டனே முன்பு சொல்லியிருக்கிறார். உடல் கனம் குறைந்த இடத்தில் எலும்பு கரையுமாம். இந்தக் கப்பலில் போனால்தான் நான் மகளைப் பார்ப்பேன்.

நாள் 9, காலை 8.30
மிச்சம்: ஸ்பிரிங் உள்ளவை அனைத்தும். உதிரி ஸ்பிரிங் ஒன்றை மட்டும் முடித்தபோது எலுமிச்சை உப்பு தீர்ந்தது.

இனிமேல்தான் கஷ்டமான வேலை. டார்க் ரெஞ்ச் மூன்று இருக்கின்றன. படிப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்த ரெஞ்சின் குழலுக்குள் தடித்த ஸ்பிரிங் ஒன்று இருக்கும். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவைக் கைப்பிடியில் திருப்பி வைத்துக்கொண்டு முறுக்க வேண்டும். அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் வரும். அதற்கு மேல் இறுக்கினால் குழாயின் வாய் உடையும். அதற்குக் கீழே விட்டால் கசியும். கப்பலின் எரிபொருள் குழாய் முழுவதும் இந்த 'டக்'கை நம்பித்தான் இருக்கிறது.

மூன்றையும் பிரித்தேன். ஸ்பிரிங்குகள் சிவப்புப் புழுக்கள் போல இருந்தன. சுருளுக்குள் பிரஷ் போகவில்லை.

தமியான் (ரேடியோவில்): "மாமா, அந்த மூலைல ஒரு நீல டிரம் கெடக்கும். தண்ணிக் குழாய் உப்பு எடுக்குத அமிலம். அதுல தூக்கிப் போடுங்க."

நான்: "அது காட்டமானதுல்லா? பக்கத்துல போனாலே கண்ணு எரியுது."

தமியான்: "முகமூடி போட்டுக்கிடுங்க. ராத்திரி முழுக்கக் கெடக்கட்டும். காலைல வெள்ளிக் கொலுசு மாதிரி வரும் பாருங்க."

ஸ்பிரிங் உள்ள எல்லாவற்றையும் போட்டேன். ரெஞ்ச் ஸ்பிரிங், கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்பின் ஸ்பிரிங், பிளேயர் ஸ்பிரிங், பெட்டியில் கிடந்த மற்ற உதிரி ஸ்பிரிங். புஸ்ஸென்று நுரைத்தது. டிரம்மை மூடிவிட்டு வெளி அறைக்கு வந்துவிட்டேன்.

நாள் 10, காலை 9.00

என் ஆயுளில் இப்படி ஒரு சுத்தத்தைப் பார்த்ததில்லை. ஒரு புள்ளி துரு இல்லை. சுருளின் உள் மடிப்பில்கூட இல்லை. தமியான் சொன்ன வெள்ளிக் கொலுசேதான். வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். இத்தனை நாள் நான் தேய்த்துத் தேய்த்துப் பட்ட பாடு எனக்கே சிரிப்பாக இருந்தது.

சோடாத் தண்ணீர், நல்ல தண்ணீர், சூடு, எண்ணெய். ரெஞ்சுகளைப் பூட்டி, மேசையில் இருக்கும் வைஸ் இடுக்கியில் பிடித்துச் சோதித்தேன். மூன்றும் சரியான அளவில் 'டக்' என்றன. மூன்று முறை வைத்தாலும் அதே அளவு.

நாள் 11, மதியம் 12.20
தட்டு வண்டி புறப்பட்டது. கப்பலுக்கு வேண்டிய கருவிகள் முழுவதும் அனுப்பியாயிற்று. கிளாம்ப், பிளேயர், உதிரி ஸ்பிரிங் எல்லாம் இங்கேயே.

வேலை முடிந்தது. அறையைக் கூட்டினேன். என் துணிப்பையைக் கட்டிக் கதவருகே வைத்தேன். கதவுக்கு மேலே இருக்கும் சின்னச் சன்னலில் கூண்டு வண்டியின் விளக்கு தெரியும். அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தமியான் (இரவு 9.30, ரேடியோவில்): "கருவியெல்லாம் வந்துட்டு மாமா. மாமான்னா மாமாதான். கேப்டனே அசந்து போயிட்டாவ."

நான்: "வண்டி எப்ப வரும் மாப்ள?"

தமியான்: "நாளைக்கு மாமா. நாளைக்கு வண்டி வரும்."

நாள் 12, மாலை 4.10

வண்டி வந்தது. தட்டு வண்டிதான். கூண்டு வண்டி இல்லை. சாமான் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

முதலில் எனக்குச் சந்தோஷம். அரிசிப் பொட்டலம், பருப்பு, மீன் தூள், மாத்திரைப் பெட்டி. பெரிய முகாமில் என் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த மாதா படம். வெளியே போகும்போது குளிருக்கு உடுப்பின் மேல் நான் போடும் பச்சைச் சட்டை. தமியானுக்கு என் நினைப்பு எப்போதும் உண்டு என்று நினைத்துக்கொண்டு இறக்கினேன்.

இறக்க இறக்கத் தீரவில்லை. சுவரோரமாக அடுக்கினேன். என் தோள் உயரம் வந்தது. அடுத்த சுவருக்குப் போனேன்.

நடுவில் நின்று பார்த்தேன். நாளைக்கு ஊருக்குப் போகிறவனுக்கு யாராவது இவ்வளவு அரிசி அனுப்புவார்களா?

நாள் 12, மாலை 5.00
ரேடியோவில் நடந்தது. நினைவில் உள்ளபடி.

நான்: "மாப்ள, அரிசி எதுக்கு?"

மறுபடி கேட்டேன். மூன்றாம் தடவை தமியான் வந்தார்.

தமியான்: "மாமா... ஒரு தொட்டி போயிட்டுல்லா. எண்ணெய் பத்தாது மாமா. கணக்குப் பாத்தா மூணு பேரத்தான் தூக்கும்."

நான்: "இது எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

தமியான்: "கணக்குப் போட்டது கேப்டன் மாமா."

நான்: "என்னய இங்க கொண்டாந்து விடும்போதே தெரியுமா?"

தமியான்: "தெரியும் மாமா."

நான்: "அதச் சொல்லிருந்தா நான் மாட்டேம்னா சொல்லப் போறேன்? நாலு பேரும் உக்காந்து பேசிருக்கலாம்லா. சீட்டு போட்டுருக்கலாம்லா."

தமியான்: "சொல்லிருந்தா நீங்க கருவியச் சுத்தம் பண்ணிருப்பியளா மாமா?"

நாற்பது வருடத்தில் ஒருவன்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. என் வேலையைப் பற்றி அவர் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

ஹமீதா அழுதபடி வந்தாள்.

ஹமீதா: "அண்ணாச்சி, என்னய மன்னிச்சிக்கிடுங்க. சாமான் பூராவும் நாந்தான் அடுக்குனேன். ரெண்டு வருசத்துக்குக் காணும். மாத்திரை மறந்துராதிய."

நான்: "அப்ப நோட்டுக் குடுத்தது எதுக்குத் தாயீ? தனியாக் கெடந்து கிறுக்குப் பிடிச்சிரப்படாதுன்னா?"

அவள் எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று சொல்லத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு நான் பேசியதை எழுதக் கை கூசுகிறது. எழுதிவிடுகிறேன். கெஞ்சினேன். அழுதேன். வண்டியை அனுப்புங்கள், கப்பலின் சாமான் அறையில் சுருண்டு கிடக்கிறேன் என்றேன். தமியான் முடியாது என்றதும் கத்தினேன். "நாசமாப் போவிய. ஒருத்தரும் ஊரு போய்ச் சேரமாட்டிய. பாத்துக்கிடுங்க" என்றேன்.

கேப்டன்: "பெரியவரே, இனி இப்படிப் பேசுனா எங்களால வேலை பாக்க முடியாது. நாளைக்கழிச்சுக் காலைல கெளம்புதோம். ஒங்க பேச்சு எங்களுக்குக் கேக்காதபடி லைன மூடுதேன். நாங்க சொல்லுதது ஒங்களுக்குக் கேக்கும். மன்னிச்சிக்கிடுங்க."

ரேடியோவில் என் பக்கத்து விளக்கு சிவப்பானது.

நாள் 13, காலை 7.30

தூங்கவில்லை. மாதா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். பிறகு பாவம் என்று நேராக வைத்தேன்.

கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தபோது கருவி அறையில் 'டிங்' என்று ஒரு சத்தம். கண்ணாடி வளையல் கீழே விழுந்த மாதிரி. போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

நாள் 13, காலை 10.15

மறுபடி 'டிங்'. இப்போது கண்டுபிடித்துவிட்டேன். அலமாரியில் பூட்டி வைத்திருந்த கிளாம்ப். யாரும் தொடவில்லை. அதன் ஸ்பிரிங் தானாக இரண்டாக முறிந்து கிடக்கிறது. முறிந்த முகம் சொரசொரப்பாக, சீனிக்கட்டியை உடைத்தது போல இருக்கிறது. நல்ல எஃகு இப்படி முறியாது. இழுபடும், வளையும், பிறகுதான் போகும்.

முதல் சத்தம் பிளேயர் ஸ்பிரிங். தட்டுக்குக் கீழே கிடந்தது.

இரண்டும் அமிலத்தில் கிடந்தவை.

நாள் 13, மதியம் 1.40

சோதனை செய்தேன். அமிலத்தில் போட்ட உதிரி ஸ்பிரிங் ஒன்றை வைஸில் வைத்து இறுக்கினேன். எலுமிச்சை உப்பில் முன்பே சுத்தம் செய்த ஸ்பிரிங் ஒன்றை வேறொரு வைஸில் அதே அளவு இறுக்கினேன். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. நான் வீணாகப் பயப்படுகிறேன் என்று எழப் போனேன். அமிலத்தில் போட்டது 'டிங்' என்று போயிற்று. மற்றது அப்படியே இருக்கிறது.

அமிலம் துருவைத் தின்றது. தின்று முடித்த பிறகும் ராத்திரி முழுவதும் ஸ்பிரிங் அதில்தான் கிடந்தது. இரும்புக்குள் என்னவோ புகுந்துவிட்டது. வெளியே வெள்ளி, உள்ளே சீனி. உடனே காட்டுவதில்லை. இறுக்கி வைத்தால், காத்திருந்து காட்டுகிறது.

மூன்று ரெஞ்சுக்குள்ளும் அதே ஸ்பிரிங் இறுகிய நிலையில் உட்கார்ந்திருக்கிறது. அது முறிந்தாலும் குழலுக்குள்ளேதான் கிடக்கும், வெளியே தெரியாது. ரெஞ்ச் வேலை செய்யும். ஆனால் அளவு வருவதற்கு முன்பே 'டக்' என்று சொல்லிவிடும். போல்ட் இறுகிவிட்டது என்று நினைப்பார்கள். இறுகியிருக்காது.

நாள் 13, மதியம் 1.55

கத்துகிறேன். சிவப்பு விளக்கு மாறவில்லை. ரெஞ்சை நம்பாதீர்கள், குழாயை மறுபடி பாருங்கள், மாப்ள, தாயீ, கேப்டன். எல்லாப் பெயரையும் சொல்லிவிட்டேன். நேற்று இதே மைக்கில் என்னை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அழுதேன். இன்று அதற்காகக் கூப்பிடவில்லை. ஆனால் கேட்டால்தானே தெரியும்.

பூமிக்குப் பேச எனக்கு வழியில்லை. எல்லாப் பேச்சும் பெரிய முகாமின் ஆன்டெனா வழியாகத்தான் போகும்.

நாள் 13, மாலை 3.20

தட்டு வண்டி இங்கேதான் நிற்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் தானாகப் பெரிய முகாமுக்குப் போகும். நான் ஏறிப் போக முடியாது. என் உடுப்பில் இருக்கும் மூச்சுக்காற்று பாதி வழிக்குத்தான் வரும்.

ஒரு தகரத் தகட்டை எடுத்தேன். வெள்ளைப் பெயின்டில் பெரிதாக எழுதினேன்.

ரெஞ்ச் ஸ்பிரிங் முறிந்திருக்கும். டக் சத்தத்தை நம்பாதே. எல்லா போல்ட்டும் மறுபடி பார்.

ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். பிழை இருக்கக்கூடாது என்று இரண்டு தடவை படித்தேன். வண்டியின் நடுவில் தகட்டை நிமிர்த்திக் கட்டினேன். வண்டி குலுங்கும்போது விழாமல் இருக்க இரண்டு பக்கமும் அரிசி மூட்டை வைத்து அணைகொடுத்தேன். மேலே தூசி படியாமல் இருக்க என் பச்சைச் சட்டையைப் போர்த்தினேன். அங்கே யாராவது சட்டையை எடுத்தால் எழுத்து தெரியும்.

அனுப்பிவிட்டேன். நடுச்சாமத்துக்குள் போய்விடும்.

நாள் 13, மாலை 5.00
ரேடியோவில் வந்தது. நான் பேசுவது அவர்களுக்குக் கேட்காது.

தமியான்: "மாமா! என்ன காரியம் பண்ணுதிய? வண்டிக் கேமராவுல தெரியுது. வண்டில ஏறி உக்காந்து வாரியளே, காத்து பத்தாது மாமா, செத்துருவிய!"

நான் வண்டியில் இல்லை, இங்கே இருக்கிறேன் என்று கத்தினேன்.

தமியான்: "பச்சைச் சட்ட தெரியுது மாமா. கப்பல நிப்பாட்டப் பாக்கியளா? வண்டிய இப்பவே நிப்பாட்டுதேன். இன்னும் கால்வாசி வழிகூடத் தாண்டல. எறங்கித் திரும்பி நடங்க. நடந்தா போயிரலாம். திரும்பிப் போங்க மாமா, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுதேன்."

ஹமீதாவின் குரல், தூரத்திலிருந்து: "அவரு அசையவே மாட்டேங்காரே..."

கேப்டன்: "பாக்காதிய. ரெண்டு பேரும் கேமராவ அணச்சிட்டு வாங்க."

அவ்வளவுதான்.

வண்டிக்கு நடந்துபோய்த் தகட்டைத் தூக்கிக் காட்டலாம் என்று உடுப்பை மாட்டினேன். பிறகு கழற்றினேன். கேமராவை அணைத்துவிட்டார்கள். யாருக்குக் காட்டுவது?

நாள் 14, காலை 6.40

சன்னலுக்கு வெளியே வெளிச்சம் எழும்பியது. சத்தம் இல்லை. அழகாக நேராக ஏறியது. ஏறட்டும், ஏறட்டும் என்று சொன்னேன். என் சந்தேகம் பொய்யாகப் போகட்டும் என்று மாதாவிடம் கேட்டேன். என்னை விட்டுப் போனவர்கள்தான். போய்ச் சேரட்டும்.

நல்ல உயரம் போய்விட்டது.

ஒரு வெளிச்சம் பக்கவாட்டில்

இரண்டாயிற்று

நாள் 14, காலை 6.52

ஒன்றும் தெரியவில்லை. புகை மட்டும்.

மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நாள் 14, காலை 11.30

என் பக்கத்து விளக்கு பச்சையாகிவிட்டது. பெரிய முகாமில் ஆள் இல்லை என்றால் ரேடியோ தானாகவே இங்கே மாறிக்கொள்ளுமாம். முதல் முறையாகப் பூமி என்னிடம் நேராகப் பேசியது. பேச்சு ஒரு பக்கம் போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

பூமி, கட்டுப்பாட்டு அறை: "ஐயா, நீங்கள் இன்னாசிமுத்துதானே? கப்பல் போய்விட்டது. மூவரும் இல்லை. எரிபொருள் குழாய் இணைப்பில் கசிவு. சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. இணைப்பை இறுக்கிய ரெஞ்சுகளைக் கடைசியாகப் பிரித்துப் பூட்டியது யார்?"

நான் என்று சொன்னேன். அமிலத்தையும் ஸ்பிரிங்கையும் தகட்டையும் சொன்னேன். தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

பூமி: "நீங்கள் வண்டியில் வந்து கப்பலைத் தடுக்க முயன்றதாகத் தமியான் புறப்படும் முன் தகவல் கொடுத்திருக்கிறார். அதற்கு முந்திய நாள் நீங்கள் பேசியது பதிவாகியிருக்கிறது. ஒருத்தரும் ஊர் போய்ச் சேரமாட்டீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். ரெஞ்சுகள் பழுது என்பது அப்போதே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. தெரியாது. தெரியாது என்று சொன்னேன். வண்டியில் நான் இல்லை, என் சட்டைதான் இருந்தது என்றேன். சொல்லும்போதே எனக்கே அது பொய் போலக் கேட்டது.

நாள் 14, மதியம் 2.05

பூமி: "ஐயா, உங்கள் மகள் இங்கே வந்திருக்கிறார். பேச வேண்டும் என்கிறார்."

பிறகு பிலோமினாவின் குரல். கேட்டபடியே எழுதுகிறேன்.

"அப்பா. நான் பிலோமி.

"ஒங்கள விட்டுட்டு வாங்கன்னு அவருகிட்டச் சொன்னது நாந்தாம்ப்பா. அவரு மாமா வரட்டும், நான் இருந்துக்கிடுதேன்னுதான் மொதல்ல சொன்னாரு. நாந்தான் ஒத்தக்கால்ல நின்னேன். பிள்ளையளுக்கு அப்பன் வேணும்னு சொன்னேன். எங்க அப்பா வயசாளி, எப்படியும் சமாளிச்சுக்கிடுவாருன்னு சொன்னேன். ஒங்ககிட்டச் சொல்லாண்டாம்னு சொன்னதும் நாந்தான்.

"ஒங்களுக்குக் கோவம்னா அது என் மேலல்லா இருக்கணும்? அவர எதுக்குப்பா? கூட ரெண்டு பொம்பளைய, அவிய என்ன பாவம் பண்ணுனாவ?

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தெரிஞ்சேதான் குடுத்து விட்டியளா?"

நாள் 14, மதியம் 2.20

பொத்தானை அழுத்தினேன். பிலோமி, நான் தெரிந்து செய்யவில்லை என்றேன். உன் புருஷன் வெள்ளிக் கொலுசு மாதிரி வரும் என்று சொன்னான், நானும் அதைப் பார்த்து மயங்கிவிட்டேன் என்றேன். நீ சொல்லியிருந்தால் நானே இருந்திருப்பேன் என்றேன். அப்பாவை நம்பு என்றேன்.

போய்ச் சேரப் பன்னிரண்டு. அவள் பதில் வரப் பன்னிரண்டு.

நாள் 14, மதியம் 2.50

இன்னும் வரவில்லை. யோசிக்க நேரம் வேண்டும்தானே.

நாள் 14, மாலை 4.30

ரேடியோவைப் பிரித்துப் பார்த்துப் பூட்டினேன். பழுது இல்லை. விளக்கு பச்சைதான். கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். கேட்கிறது ஐயா, தெளிவாகக் கேட்கிறது, நீங்கள் பேசியது முழுவதும் உங்கள் மகள் பக்கத்தில் இருக்கும்போதே வந்து சேர்ந்தது என்றார்கள்.

பிலோமி எங்கே என்று கேட்டேன்.

பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடம்.

அவர் முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார் ஐயா என்றார்கள்.